காற்றை வாங்கிய மில்லும் பங்குதாரரின் கேள்வியும்



2014ஆம் ஆண்டு பிப்ரவரி 28. கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ நகரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு ஆகும் செலவைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஓர் அமைப்பு தீர்மானம் கொண்டுவந்திருந்தது. அதுவும் ஆப்பிளில் பங்கு வைத்திருந்த அமைப்புதான். தீர்மானத்துக்கு 3 சதவீத வாக்குகூடக் கிடைக்கவில்லை. கேள்வி நேரத்தில் அதன் பிரதிநிதி எழுந்தார். லாபம் தரும் காரியங்களை மட்டுமே செய்வேன் என்று தலைமை நிர்வாகி டிம் குக் உறுதி தர வேண்டும் என்றார். சட்டென்று குரலை உயர்த்துகிறவர் அல்ல குக். அன்று கோபப்பட்டார். பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி எங்கள் கருவிகளை அமைக்கும்போது நான் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் லாபத்துக்காகவே செய்ய வேண்டும் என்று நினைப்பவர் இந்தப் பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்னும் பொருளில் பதில் சொன்னார்.

அந்தப் பதிலில் இருந்த மனிதத்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் பங்குதாரர் ஒருவர் பணக் கணக்கைக் கேட்பது குற்றமில்லை. இத்தனைக்கும் குக்கிடம் நல்ல பதில் இருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மான்டரே மாவட்டத்தில் ஃபர்ஸ்ட் சோலார் கட்டவிருந்த நிலையத்திலிருந்து 130 மெகாவாட் சூரிய மின்சாரத்தை 25 ஆண்டுகளுக்கு வாங்க ஆப்பிள் ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 84.8 கோடி டாலர். அதை அறிவித்தபோது, மின்செலவில் கணிசமாக மிச்சமாகும் என்று குக்கே சொன்னார். அறமும் கணக்கும் எதிரெதிர் அணியில் நிற்பதுபோல் 2014இல் நடந்த அந்த வாக்குவாதம் அவசியமற்றது என்பதே என் எண்ணம்.

மில் கணக்குகளைப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த ஒப்பந்தம் புதிதாக ஒரு காற்றாலையையோ சூரிய நிலையத்தையோ எழுப்புகிறதோ, அந்த ஒப்பந்தம்தான் பங்குதாரருக்கும் பணம் தர வல்லது. எதையும் எழுப்பாத கொள்முதல் பங்குதாரருக்கும் எதுவும் தருவதில்லை. ஆனால் முதல் வகையில் ஆபத்து உண்டு. அது யார் தலையில் விழும் என்று கேட்காமல் லாபம் என்று யாரும் அறிவித்துவிடக் கூடாது.

எதையும் எழுப்பாத கொள்முதல் என்று நான் சொல்வது சான்றிதழ் வாங்குவதை. காற்றாலை ஆயிரம் யூனிட் உற்பத்தி செய்தால் அதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். மின்சாரம் ஒருவருக்குப் போகும், சான்றிதழ் வேறொருவருக்கு விற்கப்படும். வாங்கிய கம்பெனி, தான் பசுமை மின்சாரம் பயன்படுத்தியதாக அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். 2015இல் வந்த சர்வதேச உமிழ்வுக் கணக்கு வழிகாட்டுதலும் இதை அனுமதித்தது. இதில் பங்குதாரருக்கு என்ன கிடைத்தது? கம்பெனியின் மின்கட்டணம் ஒரு பைசா குறையவில்லை. நாளைக்குக் கட்டணம் ஏறினால் பாதுகாப்பும் இல்லை. சான்றிதழ் விலை வெறும் செலவு. பூமிக்கு என்ன கிடைத்தது? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழ் என்றால் புதிதாக ஒன்றும் இல்லை. நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் 2022இல் வந்த ஓர் ஆய்வு, கம்பெனிகள் தாங்கள் வாங்கும் மின்சாரத்தில் சாதித்ததாகச் சொல்லும் உமிழ்வுக் குறைப்பில் பெரும்பகுதி இப்படிச் சான்றிதழால் வந்த காகிதக் குறைப்பு என்று எச்சரித்தது.

இந்தியாவில் இந்தச் சந்தை 2011இல் தொடங்கியது. சூரியச் சான்றிதழின் குறைந்தபட்ச விலை 2012இல் 9,300 ரூபாயாக இருந்தது. பிறகு 3,500 ஆயிற்று. 2017இல் 1,000 ரூபாய். 2022இல் வந்த விதிமுறையில் குறைந்தபட்ச விலை என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. 9,300 ரூபாயை நம்பி வருமானக் கணக்குப் போட்டு நிலையம் கட்டிய கம்பெனிகளின் பங்குதாரர்கள் என்ன ஆனார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலையை அந்த ஆணையமே மாற்றும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். வருஷத்துக்கு வேண்டிய நெல்லை அறுவடைக் காலத்திலேயே விலை பேசி வாங்கிப் பத்தாயத்தில் போடும் குடும்பத்தை நமக்குத் தெரியும். ஆடி மாதத்தில் அரிசி விலை ஏறினால் அவர்களுக்குக் கவலையில்லை. இறங்கினால் கொஞ்சம் மனக்கஷ்டம், அவ்வளவுதான். நீண்டகால மின் ஒப்பந்தமும் இதே காரியம்தான். கூகுள் 2010இல் ஐயோவா மாநிலத்தில் 114 மெகாவாட் காற்று மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பேசிய விலையில் வாங்க ஒப்பந்தம் செய்தது. இருபது ஆண்டு வாங்குகிறேன் என்று பணபலமுள்ள ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம், கோபுரம் எழுப்பலாம். காற்றுக்கு எரிபொருள் செலவு கிடையாது. போட்ட முதலும் அதன் வட்டியும்தான் விலை. அதனால்தான் இருபது ஆண்டுக்கு ஒரே விலை என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நிலக்கரிக்காரராலோ எரிவாயுக்காரராலோ அப்படிச் சொல்ல முடியாது.

இந்த நிலையான விலை எப்போது கைகொடுக்கும் என்பதை ஐரோப்பா 2022இல் பார்த்தது. ரஷ்ய எரிவாயு வரத்து குறைந்ததும் அந்த ஆண்டு ஆகஸ்டில் எரிவாயு விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. மின்சார விலையும் கூடவே பறந்தது. முன்பே காற்றாலை ஒப்பந்தம் வைத்திருந்த ஆலைகள் பழைய விலையில் ஓடின. இல்லாதவற்றில் பல உற்பத்தியைக் குறைத்தன, சில மூடின.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். 2010க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகளவில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. முந்திக்கொண்டு இருபது ஆண்டுக்கு விலையைக் கட்டிக்கொண்டவர்கள், பின்னால் வந்தவர்களைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வாங்கியதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு விலை இறங்கியது. ஆனால் கணக்கு என்று வந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்வீடனின் வடக்கே மார்க்பிக்டன் எட் என்று ஒரு காற்றாலைப் பண்ணை. 179 காற்றாலைகள், 650 மெகாவாட். நார்வேயின் அலுமினியக் கம்பெனியான நோர்ஸ்க் ஹைட்ரோ அதனுடன் 2017இல் 19 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அலுமினிய உருக்காலை இரவும் பகலும் ஓட வேண்டும், நடுவில் மின்சாரம் நின்றால் உலோகம் உறைந்துவிடும். ஆகவே காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் ஒப்பந்தத்தில் சொன்ன அளவைத் தடையில்லாமல் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஹைட்ரோவின் பங்குதாரருக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் உண்டா என்றுதான் அன்று தோன்றியிருக்கும். காற்று இல்லாத நாளில் காற்றாலைக்காரர் சந்தையில் வாங்கித் தர வேண்டியிருந்தது. அன்றைக்கு வட்டாரத்தில் யாரிடமும் காற்று இருக்காது, அதனால் விலை உச்சத்தில். காற்று நன்றாக வீசும் நாளில் மிச்ச மின்சாரத்தை விற்கப் போனால் எல்லோரிடமும் மிச்சம் இருக்கும், விலை தரையில். இந்த இரண்டுக்கும் நடுவில் பண்ணை நொடித்து, 2023இல் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புக் கோரியது. ஆபத்து முழுவதையும் எதிராளியின் தலையில் கட்டிவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த வாங்குபவர், எதிராளியே விழுந்தபோது தன் ஒப்பந்தத்துக்காக வாதாட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸிலும் 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது இதே கதைதான். நிலையான அளவு தருவதாக எழுதிக் கொடுத்திருந்த காற்றாலைகள் சில உறைந்து நின்றன. மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பு விலையில் வாங்கித் தர வேண்டி வந்தது.

ஆகவே மிகவும் மலிவாகக் கிடைத்தது என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்லும் ஒப்பந்தத்தைப் பங்குதாரர் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு தாங்குமா? தாங்காவிட்டால் நம் கதி என்ன?

இனி நம் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாலு இடைவெளிகள் வழியாகக் காற்று தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. முப்பந்தலிலும் பல்லடம், உடுமலை வட்டாரத்திலும் காத்தாடிகள் எழுந்ததற்குக் காரணம் இந்தக் கணவாய்கள். இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவற்றை எழுப்பியது மின்வாரியமோ பெரிய மின்கம்பெனியோ அல்ல, நூற்பாலைகள். பஞ்சுக்கு அடுத்தபடியாக நூற்பாலைக்குப் பெரிய செலவு மின்சாரம். உலகத் தொழில்நுட்பக் கம்பெனிகள் 2010க்குப் பிறகு கண்டுகொண்டதைக் கோவை, திருப்பூர் மில்லுக்காரர்கள் தொண்ணூறுகளிலேயே செய்தார்கள். இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அந்தத் தொடக்கத்தில் ஒரு கோளாறும் இருந்தது. அன்றைய வருமான வரிச் சட்டம் காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள விட்டது. குறித்த தேதிக்குள் காத்தாடி எழுந்துவிட்டால் போதும், வரி மிச்சம். அது சுற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. வாங்குவதற்குச் சலுகை கொடுத்தால் வாங்குவார்கள், உற்பத்திக்குச் சலுகை கொடுத்தால்தான் உற்பத்தி செய்வார்கள். இது அரசுக்குப் புரிய நாளாயிற்று. யூனிட்டுக்கு 50 பைசா என்று உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகை 2009 டிசம்பரில்தான் வந்தது. தேய்மானச் சலுகை 80 சதவீதமாகி, 2012இல் நின்று, 2014இல் திரும்பி வந்து, 2017இலிருந்து 40 சதவீதமாக இருக்கிறது.

சொந்தமாகக் காத்தாடி வைக்க முடியாத மில்லுக்கு 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள் வேறொரு வழியைத் திறந்தன. குரூப் கேப்டிவ் என்று தொழில் வட்டாரத்தில் சொல்வோம். மின்சாரம் வாங்கும் மில்கள் சேர்ந்து காற்றாலைக் கம்பெனியின் வாக்குரிமைப் பங்கில் குறைந்தது 26 சதவீதம் வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவையே பயன்படுத்த வேண்டும். இது நடந்தால் சட்டத்தின் கண்ணில் அது சொந்த மின்சாரம். வெளியில் வாங்கும் மின்சாரத்துக்கு விதிக்கப்படும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இதற்குக் கிடையாது. அது யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் வரும்.

கணக்கைப் பாருங்கள். 100 கோடி ரூபாய்த் திட்டம், 70 கோடி கடன், 30 கோடி பங்கு முதல் என்று வையுங்கள். 30 கோடியில் 26 சதவீதம் 7 கோடியே 80 லட்சம். மில்கள் எல்லாம் சேர்ந்து திட்டச் செலவில் எட்டில் ஒரு பங்குகூடப் போடாமல் அந்தச் சலுகை கிடைக்கிறது. பல ஒப்பந்தங்களில் இந்தப் பங்கு முகமதிப்பில் கொடுக்கப்பட்டு, விலகும்போது முகமதிப்பிலேயே திரும்ப வாங்கப்படும். டிவிடெண்ட் பெயரளவுக்குத்தான் இருக்கும். மில்லின் ஆண்டறிக்கையில் முதலீடுகள் அட்டவணையில் ஏதோ ஒரு காற்றாலைக் கம்பெனியின் பத்து ரூபாய்ப் பங்குகள் என்று ஒரு வரி இருக்கும். வருமானம் பூஜ்யம். பொதுக்கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, பத்து வருஷமாக ஒன்றும் தராத இந்தப் பங்கை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி நியாயமானது. பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. லாப நட்டக் கணக்கில் மின்சாரச் செலவு என்ற வரியில் மறைந்திருக்கிறது.

ஒரு மில் மாதம் 10 லட்சம் யூனிட் எடுக்கிறது, அதில் 6 லட்சம் காற்றிலிருந்து, எல்லாச் செலவும் போக யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 கோடியே 8 லட்சம். அந்த மில்லின் வரிக்கு முந்தைய லாபம் 4 கோடி என்றால் கால் பங்குக்கு மேல் காற்று கொடுத்தது. நூல் விலை படுத்துக்கிடக்கும் ஆண்டில், பல மில்களுக்கு நட்டத்துக்கும் தப்பிப்பதற்கும் நடுவே இருப்பது இந்தத் தொகைதான்.

இப்போது மில்லுக்கு வரும் எச்.டி. எனப்படும் உயரழுத்த மின்சாரப் பில்லைக் கையில் எடுங்கள். காற்றாலை அனுப்பிய யூனிட் ஒரு கட்டத்தில் இருக்கும். வழியில் இழப்பு கழிக்கப்படும். அது எந்த நேரத்தில் உற்பத்தியானதோ அந்த நேரத்து உபயோகத்தில்தான் முதலில் கழியும். நள்ளிரவில் வந்த யூனிட்டைக் கொண்டுபோய்க் கூடுதல் கட்டணமுள்ள மாலை உச்சநேரத்தில் கழிக்க முடியாது. மிஞ்சியது பேங்கிங் கணக்குக்குப் போகும். பழைய காற்றாலைகளானால் வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று சீசனில் சேர்த்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மார்ச் முடிவோடு கணக்கு முடிந்துவிடும். சேமித்து வைப்பதற்கு வாரியம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் 5 சதவீதமாக இருந்த அந்தப் பிடித்தம் 14 சதவீதம் வரை போனது. பிறகு மின்சாரத்தைக் கொண்டுவர வீலிங் கட்டணம், இயக்கக் கட்டணம். காற்று மிகுந்த நாளில் மின்கட்டம் தாங்காது என்று காத்தாடியை நிறுத்தச் சொன்னால் அன்றைய யூனிட் யார் கணக்கிலும் வராது.

இணைப்பின் அளவுக்கு ஏற்ப மாதந்தோறும் கட்டும் டிமாண்ட் சார்ஜையும் மறக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் எச்.டி. தொழிற்சாலைக் கட்டணம் யூனிட்டுக்கு 6.35 ரூபாயிலிருந்து 6.75 ஆனது. அதே நாளில் டிமாண்ட் சார்ஜ் கே.வி.ஏ.வுக்கு 350லிருந்து 550 ஆனது. யூனிட் விலை ஏறியது காற்றாலை வைத்திருந்த மில்லுக்கு ஒருவிதத்தில் ஆதாயம், மிச்சம் கூடுகிறது. ஆனால் 1,000 கே.வி.ஏ. வைத்திருக்கும் மில்லுக்கு டிமாண்ட் சார்ஜில் மாதம் 2 லட்சம் வரை கூடியது. எத்தனை காத்தாடி வைத்தாலும் அந்த 2 லட்சத்தைத் தொட முடியாது. உதாரண மில்லில் இனி யூனிட்டுக்கு 50 பைசா புதுக் கட்டணம் வந்தால் 36 லட்சம் போய்விடும். காற்றின் ஏற்றத்தாழ்வைவிட ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளே நம் மில்லுக்குப் பெரிய ஆபத்து. ஐயோவாவில் கூகுளுக்கு இந்த அளவு பிரச்சினை இல்லை.

மேலும் ஒரு கண்ணி. குரூப் கேப்டிவில் ஒவ்வொரு மில்லும் தன் பங்கின் விகிதத்துக்கு ஏற்பத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும், 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விகித விதியை உறுதி செய்துவிட்டது. நூல் ஓடாமல் இரண்டு மில்கள் ஷிப்டைக் குறைத்தால் அந்த ஆண்டின் விகிதம் குலையும். விதி தவறினால் தள்ளுபடியான கூடுதல் கட்டணம் முழுவதும் திரும்ப வசூலாகும். அடுத்த மில்லின் ஆர்டர் புத்தகம் நம் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. இதை எந்த ஆண்டறிக்கையிலாவது ஆபத்துகள் பட்டியலில் படித்திருக்கிறீர்களா? நான் தேடிப் பார்ப்பதுண்டு, அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

வெளிநாட்டு வாங்குநர்கள் கேட்கிறார்கள், அதனால் ஆர்டர் வரும் என்பது இன்னொரு வாதம். ஆர்டர் கைநழுவாமல் இருப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரியைக் காட்டி எல்லாப் பசுமைக் கொள்முதலையும் நியாயப்படுத்துவது சரியல்ல. அந்த வரியில் ஜவுளி இல்லை. இருக்கும் இரும்பு, அலுமினியத்துக்குக்கூட இப்போதைக்கு ஆலையின் நேரடி உமிழ்வைத்தான் கணக்கிடுகிறார்கள், வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வை அல்ல.

பசுமை மின்சாரம் வாங்கும் கம்பெனிகளின் பங்கு விலை மற்றவற்றைவிட நன்றாக ஏறியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவோரும் உண்டு. இருபது ஆண்டு ஒப்பந்தம் போட வங்கிகள் நம்பும் பெயர் வேண்டும். அது ஏற்கெனவே நன்றாக நடக்கும் பெரிய கம்பெனிக்குத்தான் இருக்கும். பங்கு ஏறியதற்குக் காற்றாலை காரணமா, அந்தப் பணபலம் காரணமா என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது. அதை நம்பி யாரும் பங்கு வாங்க வேண்டாம்.

எனக்கு வேண்டியது எளிமையானது. இந்தியாவில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் 2022–23 முதல் செபியின் பொறுப்புடைமை அறிக்கையை அளிக்க வேண்டும். அதில் எவ்வளவு எரிசக்தி புதுப்பிக்கத்தக்க வழியில் வந்தது என்று இருக்கும். எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, சான்றிதழாகவா ஒப்பந்தமாகவா பங்காகவா, விதி மாறினால் எவ்வளவு போகும் என்று இருக்காது. சர்வதேச கணக்கியல் தர வாரியம் 2024 டிசம்பரில் காற்று, வெயில் போன்ற இயற்கையைச் சார்ந்த மின் ஒப்பந்தங்களுக்கென்றே தன் விதிகளைத் திருத்தி, அவற்றைப் பற்றிக் கூடுதல் விவரம் தர வேண்டும் என்றது. அதன் நடைமுறைத் தேதி 2026 ஜனவரி. அந்த விவரத்தை நம் நூற்பாலைகளும் சிமென்ட் ஆலைகளும் யாரும் கட்டாயப்படுத்தாமலே தரலாம். ரகசியம் போய்விடும் என்பார்கள். விலையைப் பைசா சுத்தமாகச் சொல்ல வேண்டாம், கடந்த ஆண்டு வாரியக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மொத்தம் எவ்வளவு மிச்சம் அல்லது எவ்வளவு கூடுதல் என்ற ஒரே தொகையைச் சொன்னால் போதும்.

செப்டம்பருக்குள் பல மில்களின் பொதுக்கூட்டம் நடக்கும். உங்களில் பங்கு வைத்திருப்பவர்கள் போங்கள். ஐம்பது பங்கு இருந்தாலும் கேட்கும் உரிமை உண்டு. இந்த ஆண்டு காற்று மின்சாரத்தால் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். அதில் எவ்வளவு காற்றால் வந்தது, எவ்வளவு சலுகையால் வந்தது என்று அடுத்ததாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கு நிதி அலுவலர் உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்குக் காகிதத்தைத் தேடினால் காத்திருங்கள், பதில் வாங்காமல் உட்காராதீர்கள்.